ஒயர் அறுந்தால் என்ன செய்வது?

(செயற்கைக்கோளுக்குள் ஓடும் புரோகிராம்கள் பற்றி மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்து கேட்டபோது, "செயற்கைக்கோளில் ஓடும் புரோகிராம் பற்றி நான் எழுதுகிறேன்" என்று கை தூக்கிவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. "டேய், நீ தோப்பு மோட்டாரையே எரிச்சவன். உனக்கு எதுக்குடா சேட்டிலைட்டு?" என்றான் ஒருவன். அவன் சொன்னது உண்மைதான். மோட்டாரை எரித்தவன்தான் நான். எரித்த பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். ஆகவே மோட்டாரில் இருந்தே தொடங்குகிறேன்.

மோட்டார் எரிந்த கதை

என் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தோப்பில் உள்ள போர்வெல்லில் தண்ணீர் மூன்று மணி நேரம்தான் வரும். அதன் பிறகு ஆறேழு மணி நேரம் ஊற விட வேண்டும். அதனால் கோடைக் காலத்தில் அப்பா ராத்திரி ஒரு மணிக்கும் எழுந்து டார்ச் லைட்டோடு போவார். வழியில் பாம்பு நடமாட்டம் உண்டு. அம்மா அவர் திரும்பி வரும் வரை தூங்க மாட்டார்.

இரண்டாம் ஆண்டில் மைக்ரோகன்ட்ரோலர் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓர் ஆர்டுயினோ போர்டு, ஒரு ரிலே, தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்ச். ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை மோட்டாரைப் போடு, தொட்டி நிரம்பும் வரை காத்திரு, பிறகு நிறுத்து. அவ்வளவுதான் புரோகிராம். பத்தொன்பது நாள் அருமையாக ஓடியது. அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார். எனக்கு இன்ஜினியர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது!

இருபதாம் நாள் ராத்திரி மிதவை ஸ்விட்சுக்குப் போகும் ஒயரை அணில் கடித்துவிட்டது. "தொட்டி நிரம்பிவிட்டது" என்ற செய்தி வரவே இல்லை. என் புரோகிராம் காத்திருந்தது, காத்திருந்தது, காத்துக்கொண்டே இருந்தது. போரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகியது. அப்பாவாக இருந்தால் மோட்டார் சத்தம் மாறுவதைக் கேட்டே நிறுத்தியிருப்பார்.

ரீவைண்டிங் கூலி ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். தோப்புக்காரர் கேட்டபோது அப்பா, "நான்தானுங்க அசந்து தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டார். என் பெயரை எடுக்கவே இல்லை. மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஒயர் அறுந்தா என்ன பண்ணணும்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கலையா கண்ணு?"

நண்பர்களே, செயற்கைக்கோள்களுக்குப் புரோகிராம் எழுதும் விஞ்ஞானிகள் நாள் முழுவதும் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுதான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஃபர்ம்வேர் என்பது என்ன?

கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறொன்றைத் திறக்கலாம். ஆனால் வாஷிங் மெஷின், கரண்ட் மீட்டர், லிஃப்ட் போன்றவற்றுக்குள் ஒரு சின்னச் சிப் உட்கார்ந்து ஒரே வேலையை ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. அந்தச் சிப்பின் மெமரியில் பதித்து வைத்த புரோகிராமுக்குப் பெயர் ஃபர்ம்வேர். அது வன்பொருளோடு ஒட்டிப் பிறந்தது. ரிலேயைப் போடுவது, சென்சாரைப் படிப்பது எல்லாம் அதன் வேலை.

செயற்கைக்கோளுக்குள்ளும் இதே கதைதான். சோலார் பேனலில் வரும் கரண்ட்டைப் பேட்டரிக்கு அனுப்புவது, கேமராவைப் பூமிப் பக்கம் திருப்புவது, குளிரும்போது ஹீட்டர் போடுவது, தரைநிலையம் கூப்பிட்டால் பதில் சொல்வது, இவை அத்தனையையும் ஃபர்ம்வேர்தான் கவனிக்கிறது. நாம் லேபில் எழுதும் அதே சி மொழியில்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அப்படியானால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

நம் லேபில் போர்டு ஹேங் ஆனால் என்ன செய்கிறோம்? ரீசெட் பட்டனை அழுத்துகிறோம். இல்லாவிட்டால் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுகிறோம். மேலே அந்தப் பட்டனை அழுத்த ஆள் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான். மற்ற எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

மேலே எப்படி இருக்கும்?

500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர். பூமியை ஒருமுறை சுற்ற சுமார் 95 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் வெயில், கொஞ்ச நேரம் பூமியின் நிழல். அதாவது ஒரே நாளில் பதினைந்து பகல், பதினைந்து இரவு! ஒவ்வொரு முறையும் வெப்பநிலை ஏறி இறங்குகிறது. பேட்டரி நிரம்பி வடிகிறது.

ஒரு தரைநிலையத்தின் தலைக்கு மேலே அது கடந்து போக சுமார் பத்து நிமிடம்தான் ஆகும். நாளுக்கு நாலைந்து முறை அப்படிக் கடக்கும். அந்த நிமிடங்களில்தான் பேச முடியும். மீதி நேரம் முழுவதும் அது தனியாள். ராத்திரி தோப்பில் தனியாக ஓடிய என் மோட்டாரைப் போல!

இதற்கு மேல் கதிர்வீச்சு வேறு. சூரியனிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வரும் மின்னூட்டத் துகள்கள் சிப்புக்குள் பாய்கின்றன. தென் அட்லாண்டிக் கடலுக்கும் பிரேசிலுக்கும் மேலே ஒரு பகுதியில் இந்தத் துகள்கள் மிகவும் கீழே இறங்கி வருகின்றன. ஹப்பிள் தொலைநோக்கி கூட அந்தப் பகுதியைக் கடக்கும்போது படம் எடுக்கும் வேலையை நிறுத்தி வைக்கிறது.

பூஜ்யம் ஒன்றாக மாறினால்...

துகள் ஒன்று மெமரியின் ஓர் அறையில் மோதினால் என்ன ஆகும்? அங்கே இருந்த 0, 1 ஆகிவிடலாம். சிப் கெடவில்லை, சூடேறவில்லை, புகையும் இல்லை. ஆனால் எண் மாறிவிட்டது!

ஓர் உதாரணம் பாருங்கள். "மோட்டார் 10,800 விநாடிக்கு மேல் ஓடக் கூடாது" என்று மெமரியில் எழுதி வைத்திருக்கிறோம். அதாவது மூன்று மணி நேரம். பைனரியில் இந்த எண்ணின் 16,384-க்கு உரிய இடத்தில் 0 இருக்கிறது. அந்த ஒரே ஒரு பிட் 1 ஆகிவிட்டால் எண் 27,184 ஆகிவிடும். மூன்று மணி நேரம் ஏழரை மணி நேரமாகிவிட்டது. மோட்டார் கதி?

இது கற்பனை பயம் இல்லை. நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் 1977-ல் கிளம்பியது. 2010 ஏப்ரலில் அது சுமார் 1,380 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து அனுப்பிய விஞ்ஞானத் தகவல்கள் திடீரென்று புரியாத கிறுக்கலாக மாறின. மெமரி முழுவதையும் கீழே அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தார்கள். ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆக மாறியிருந்தது. மே மாதத்தில் கட்டளை அனுப்பி அதைச் சரி செய்தார்கள்.

இதற்கு மருந்து என்ன? முக்கியமான எண்ணை மூன்று இடத்தில் எழுதி வைப்பது ஒரு வழி. படிக்கும்போது மூன்றையும் ஒப்பிட வேண்டும். இரண்டு இடத்தில் உள்ளதே சரி. மூணாவது ஆள் மட்டும் வேறு கணக்குச் சொன்னால் அவனைத் திருத்திவிட வேண்டியதுதான். இன்னொரு வழி, ஒவ்வொரு சொல்லோடும் சில சோதனை பிட்டுகளைச் சேர்த்து எழுதுவது. ஹாம்மிங் கோடு என்று டிஜிட்டல் பேப்பரில் படித்தோமே, மார்க்குக்காக உருப்போட்டோமே, அதேதான்! ஒரு பிட் மாறினால் எந்த பிட் என்று கண்டுபிடித்து அதுவே திருத்திக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு பிட் மாறிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அதனால் யாரும் கேட்காவிட்டாலும் ஃபர்ம்வேர் மெமரி முழுவதையும் சுற்றிச் சுற்றிப் படித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் வாசல் பெருக்குவது போல. ஒரு நாள் விட்டால் குப்பை கொஞ்சம். ஒரு மாதம் விட்டால்?

காவல் நாய்

மில்களில் நைட் வாட்ச்மேன் மணிக்கொரு தரம் மணி அடிப்பார். "நான் முழிச்சிருக்கேன்" என்று அர்த்தம். மணி கேட்கவில்லை என்றால் ஏதோ தப்பு என்று பொருள். மைக்ரோகன்ட்ரோலருக்குள் இதே போன்ற ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாட்ச்டாக் டைமர் என்று பெயர். அது தனியாக எண்ணிக்கொண்டே இருக்கும். புரோகிராம் குறித்த நேரத்துக்குள் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லி அதைப் பூஜ்யத்துக்குத் தள்ள வேண்டும். சொல்லத் தவறினால் அதுவே ரீசெட் பட்டனை அழுத்திவிடும். நம் லேபில் உள்ள ஆர்டுயினோ ஊனோவிலும் அதிகபட்சம் எட்டு விநாடி வரை வைக்கக்கூடிய வாட்ச்டாக் இருக்கிறது. இரண்டு வருடம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஓட்டினேன் நான்!

இதிலும் ஏமாறலாம். தூங்கிக்கொண்டே மணி அடிக்கும் வாட்ச்மேன் இருந்தால்? புரோகிராமின் முக்கிய வேலைகள் எல்லாம் நின்றுபோன பிறகும் எங்கோ ஒரு மூலையில் உள்ள டைமர் மட்டும் வாட்ச்டாகைத் தட்டிக்கொண்டே இருக்கலாம். அதனால், ஒவ்வொரு வேலையும் "நான் முடித்தேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகே வாட்ச்டாகைத் தட்ட வேண்டும் என்பது விதி.

செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரின் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1997 ஜூலை 4 அன்று நாசா அதை வெற்றிகரமாக இறக்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. ஏன் தெரியுமா?

அதில் மூன்று வேலைகளைக் கவனியுங்கள். தகவல் பாதையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உயர்ந்த முன்னுரிமை. செய்தித் தொடர்பு வேலைக்கு நடுத்தர முன்னுரிமை. வானிலைக் கருவியின் வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமை. பெரியவருக்கும் சின்னவருக்கும் பொதுவாக ஒரே ஓர் அறை, அதற்கு ஒரே சாவி. சின்னவர் சாவியை வாங்கி உள்ளே போனார். அந்த நேரம் பெரியவர் வந்து வாசலில் காத்திருந்தார். நடுவில் உள்ளவருக்கு அந்த அறையே தேவையில்லை. ஆனால் அவர் சின்னவரை விட உயர்ந்தவர் என்பதால் சின்னவரை நிறுத்திவிட்டுத் தன் நீண்ட வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். சின்னவர் வெளியே வர முடியவில்லை. அதனால் பெரியவர் உள்ளே போக முடியவில்லை. முக்கிய வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு கம்ப்யூட்டரை ரீசெட் செய்தது.

பூமியில் வைத்திருந்த அதே மாதிரி கம்ப்யூட்டரில் இதைத் திரும்ப நடக்க வைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மருந்து எளிது. பெரியவர் காத்திருக்கும்போது சாவி வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகப் பெரியவரின் முன்னுரிமையைக் கொடுத்துவிட வேண்டும். அந்த வசதி அவர்கள் பயன்படுத்திய இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். பூமியிலிருந்து திருத்தம் அனுப்பி அதை இயக்கினார்கள். ரீசெட் நின்றது.

இதில் என்னை உறுத்திய செய்தி ஒன்று. ஏவுவதற்கு முன் சோதனையிலும் இப்படிப்பட்ட ரீசெட் நடந்திருக்கிறது. மறுபடி நடக்க வைக்க முடியாததால் அது அப்படியே விடப்பட்டது. நாமும் லேபில் இதைத்தானே செய்கிறோம்? "சார், தானா சரியாயிடுச்சு சார்!" தானாகச் சரியானது தானாகவே திரும்பியும் வரும், நண்பர்களே.

எண்ணும் பாத்திரமும்

ஒரு படி பாத்திரத்தில் ஒன்றரைப் படி அரிசி கொள்ளுமா? கொள்ளாது. மிச்சம் கீழே சிந்தும். கம்ப்யூட்டரில் சிந்தினால் சத்தமே கேட்காது!

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. உள்ளே கிளஸ்டர் என்ற நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள். சுமார் நாற்பது விநாடிகளில் எல்லாம் சிதறிப் போயிற்று. காரணம் ஒரு வரி. ராக்கெட்டின் கிடைவாட்டு வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் பாத்திரத்தில் ஊற்றினார்கள். அந்தப் பாத்திரம் அதிகபட்சம் 32,767 வரைதான் கொள்ளும்.

அந்தப் புரோகிராம் பழைய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்து வைத்தது. ஏரியன் 4-ல் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது. ஏரியன் 5-ன் கிடைவாட்டு வேகமோ அதிகம். எண் நிரம்பி வழிந்ததும் திசை சொல்லும் கம்ப்யூட்டர் நின்றது. மாற்றுக்கு இன்னொரு கம்ப்யூட்டர் இல்லையா? இருந்தது. ஆனால் இரண்டிலும் ஒரே புரோகிராம். ஆகவே இரண்டும் ஒரே காரணத்தால் நின்றன. நின்ற கம்ப்யூட்டர் அனுப்பிய பழுதுச் செய்தியை முதன்மைக் கம்ப்யூட்டர் பயணத் தகவல் என்று நினைத்து எஞ்சின் முனைகளைத் திருப்பிவிட்டது. இன்னும் வேதனை என்ன தெரியுமா? அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது!

"ஐரோப்பியர்களே கோட்டை விட்டார்கள்" என்று இதைப் படித்து நான் சிரித்தேன். என் இரண்டாவது புரோகிராமை லேப் சார் பார்க்கும் வரைதான் அந்தச் சிரிப்பு. மூன்று மணி நேர எல்லையை நான் மில்லி செகண்டில் போட்டிருந்தேன். 1,08,00,000. அதை ஆர்டுயினோவின் 16 பிட் இன்ட்டில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் அதை −13,440 என்று எடுத்துக்கொண்டது. அதைக் குறியில்லாத 32 பிட் எண்ணோடு ஒப்பிட்டபோது எல்லை 49 நாட்களுக்கு மேல் போய்விட்டது. மூன்று மணி நேரத்தில் நிற்க வேண்டிய மோட்டார் 49 நாள் ஓடியிருக்கும்! "திரும்பவும் எரிக்கப் பார்த்தியேப்பா" என்றார் சார். அன்று முதல் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "மிகச் சிறியது இது, மிகப் பெரியது இது" என்று எழுதிவிட்டுத்தான் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்.

சென்சார் பொய் சொன்னால்...

சென்சார் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. அணில் கடித்த ஒயர் எனக்குக் கற்றுத் தந்த பாடம் அது. ஆனால் சந்தேகப்படுவதிலும் அளவு வேண்டும்.

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. முதல்முறை கிளம்பியது. அதில் நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் என்ற சின்னச் செயற்கைக்கோளும் இருந்தது. சென்னையில் உள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு அதை ஒருங்கிணைத்தது. இரண்டாம் நிலை பிரிந்தபோது சிறிது நேரம் பலமான அதிர்வு ஏற்பட்டது. சென்சார்கள் கெடவில்லை. ஆனால் பழுது கண்டுபிடிக்கும் புரோகிராம் "சென்சார்கள் கெட்டுவிட்டன" என்று முடிவு கட்டி, ஆபத்து நேர வழிக்கு மாறிவிட்டது. 356 கிலோமீட்டர் வட்டப்பாதையில் விட வேண்டியதை 356-க்கு 76 கிலோமீட்டர் நீள்வட்டத்தில் விட்டது. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று உண்டு. செயற்கைக்கோள்கள் தங்கவில்லை.

எரிந்து போன அந்தப் பெட்டிக்குள் எத்தனை மாணவிகளின் உழைப்பு! அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு என் மோட்டார் ஞாபகம் வந்தது. ஆனால் இஸ்ரோ காரணத்தைக் கண்டுபிடித்து வெளியே சொன்னது. பிரிக்கும் அமைப்பை மாற்றியது, பழுது கண்டுபிடிக்கும் விதிகளையும் திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. ஆசாதிசாட் 2-ஐச் சரியான பாதையில் கொண்டு போய் விட்டது.

பாடம் இதுதான். சந்தேகப்படுவதற்கு முன் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதையும் உண்மையான அதிர்வை அளந்து முடிவு செய்ய வேண்டும். திருடனைப் பிடிக்க வைத்த நாய் வீட்டுக்காரனையே கடித்துவிடக் கூடாது அல்லவா?

எல்லாம் தவறினால்?

எல்லாம் செய்தும் எதிர்பாராதது நடக்கும். அதற்குத்தான் பாதுகாப்பு நிலை என்று ஒன்று உண்டு. கேமராவை அணை, தேவையில்லாததை எல்லாம் நிறுத்து, சோலார் பேனலைச் சூரியன் பக்கம் திருப்பு, ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுவதற்குக் காத்திரு. ஒன்றும் புரியவில்லை என்றால் உயிரோடு இருப்பதே முதல் வேலை.

புரோகிராமையும் இரண்டு மூன்று பிரதிகளாக வைப்பார்கள். யாரும் மாற்ற முடியாத மூலப் பிரதி ஒன்று. மேலே அனுப்பித் திருத்திய புதிய பிரதி ஒன்று. கம்ப்யூட்டர் விழிக்கும்போது புதிய பிரதியின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும். சரியில்லை என்றாலோ, அடுத்தடுத்துப் பலமுறை ரீசெட் ஆனாலோ மூலப் பிரதிக்கே திரும்பிவிடும். புதிய வீட்டுச் சாவி தொலைந்தால் பழைய வீட்டுக்காவது போகலாமே!

2023 நவம்பரில் வாயேஜர் 1 உளற ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் ஒன்றின் மெமரிச் சிப் கெட்டுவிட்டது. தூரம் 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல். கெட்ட சிப்பில் இருந்த புரோகிராம் பகுதியை முழுதாக வைக்க வேறெங்கும் இடமில்லை. ஆகவே அதைத் துண்டு துண்டாக்கி மெமரியில் கிடைத்த இடங்களில் வைத்து, ஒன்றோடொன்று சேரும்படி மாற்றினார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று வாயேஜர் மறுபடி தெளிவாகப் பேசியது. 1977-ல் எழுதியவர்கள் "பின்னால் ஒருவன் இதைத் திருத்த வேண்டி வரும்" என்று வழி விட்டு வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

நாம் இன்றே செய்யக்கூடியவை

நாசாவின் ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மான் 2006-ல் இத்தகைய புரோகிராம்களுக்குப் பத்து விதிகளை வெளியிட்டார். அவற்றில் சில நம் ரெக்கார்டு நோட்டுக்கும் பொருந்தும்.

ஒன்று, ஒவ்வொரு லூப்புக்கும் ஓர் எல்லை இருக்க வேண்டும். (இதை மட்டும் நான் கடைப்பிடித்திருந்தால் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம்!) இரண்டு, ஓடத் தொடங்கிய பிறகு புதிதாக மெமரி கேட்டு வாங்கக் கூடாது. முதலிலேயே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று, ஒரு ஃபங்ஷன் ஒரு தாளில் அடங்க வேண்டும். நான்கு, ஒரு ஃபங்ஷன் விடை தந்தால் அந்த விடையைப் பார்க்காமல் விடக் கூடாது.

இவற்றோடு சோதனையும் சேர வேண்டும். "ஓடுகிறதா?" என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். ஒயரைப் பிடுங்கிப் பார், கரண்ட்டை நடுவில் நிறுத்திப் பார், தப்பான எண்ணைக் கொடுத்துப் பார் என்பதே மீதிப் பாதி.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2-ன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. அதன் பிறகு இஸ்ரோ அடுத்த லேண்டரை எதெல்லாம் தவறலாம் என்ற பட்டியலில் இருந்தே வடிவமைத்ததாக அப்போதைய தலைவர் எஸ். சோமநாத் விளக்கினார். முன்பு 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் பி. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். அவர் முதலில் படித்தது என்ன தெரியுமா? நம்மைப் போல டிப்ளமோதான்!

மறுபடியும் தோப்புக்கு...

ஏரியன் 5 சிதறியபோது, விசாரணைக் குழு அடுத்த மாதமே நடந்ததை எல்லாம் எழுதி ஊரறிய வெளியிட்டது. அதைப் படித்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. போன மாதம் தோப்புக்காரரிடம் போய், "மோட்டாரை எரிச்சது எங்கப்பா இல்லீங்க, என் புரோகிராம்தானுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, இப்ப சரி பண்ணிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சரி பண்ணியிருக்கிறேன். மிதவை ஒயரை இப்போது தலைகீழாக இணைத்திருக்கிறேன். ஒயர் அறுந்தால் "தொட்டி நிரம்பிவிட்டது" என்று பொருள், மோட்டார் நின்றுவிடும். மூன்று மணி நேர எல்லை சரியான பாத்திரத்தில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும், அதையும் அளக்கிறேன். வாட்ச்டாக் முழித்திருக்கிறது. ரீசெட் ஆனால் முதல் வேலை ரிலேயை அணைப்பது.

சோதனை செய்தது யார் தெரியுமா? அப்பாதான்! கட்டிங் பிளேயரை எடுத்து ஒவ்வொரு ஒயராக அவரே வெட்டினார். மிதவையைத் தென்னை மட்டையால் அமுக்கிப் பிடித்தார். நடு ஓட்டத்தில் மெயினை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்போது அவர் கேட்டார்: "வோல்டேஜ் கம்மியா வந்தா கண்ணு?"

அதை நான் எழுதவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இப்போது ரிலேயில் மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பு எரிகிறது. இரண்டு மாதமாயிற்று. "இன்னும் ஒரு மாசம் பல்பே எரியட்டும்" என்கிறார் அப்பா. இன்றும் ராத்திரி டார்ச் லைட்டோடு கிளம்புகிறார், அம்மா முழித்திருக்கிறார். அவரை நிம்மதியாகத் தூங்க வைத்த பிறகுதான் எனக்குச் சேட்டிலைட்டு.

நண்பர்களே, அடுத்த முறை லேபில் புரோகிராம் ஓடியதும் கை தட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஓர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்.